பள்ளிக்கரணை சதுப்பு, வெள்ளம், வெயில், கிளைமேட்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

தென்சென்னையில எங்க உக்காந்து சதுப்பு நிலம் பத்திப் பேச்செடுத்தாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருது. அபார்ட்மென்ட் மீட்டிங்ல கேட்டது, பறவை பார்க்க வந்த காலேஜ் பசங்க கேட்டது, டீக்கடையில பெரியவங்க கேட்டதுன்னு எல்லாத்தையும் சேர்த்து, அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். பள்ளிக்கரணையை வெச்சுத்தான் பெரும்பாலும் சொல்லியிருக்கேன், ஏன்னா கண்ணு முன்னாடி நடந்தது அது.

சதுப்பு நிலம்னா என்னங்க? ஏரியும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லங்க. ஏரின்னா கரை கட்டி, மதகு வெச்சு, கலங்கல் (நிரம்பினா மிச்சத் தண்ணி வழியுற இடம்) வெச்சு மனுஷன் தண்ணியைத் தேக்கினது. சதுப்புக்குக் கரையே கிடையாது. பள்ளமா, தட்டையா கிடக்கிற நிலம், மழைக்கு விரியும், கோடைக்குச் சுருங்கும், நடுவுல கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கும். பள்ளிக்கரணை அப்படித்தான்.

1971ல ஈரான்ல ராம்சார்ங்கிற ஊர்ல நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்துல இதுக்கு ரொம்ப அகலமா ஒரு வரையறை வெச்சாங்க. இயற்கையா வந்ததோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நல்ல தண்ணியோ உப்புத் தண்ணியோ, எல்லாமே ஈரநிலம்தான், கடலோரத்துல ஆறு மீட்டர் ஆழம் வரைக்கும்கூட. அந்தக் கணக்குல ஏரி, கழிமுகம், அலையாத்திக் காடு, சதுப்பு எல்லாம் ஒரே குடும்பம்.

பள்ளிக்கரணை முன்னாடி எவ்வளவு பெருசா இருந்துச்சு?

1960கள்ல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்ததா சொல்றாங்க. 2010கள்ல பார்த்தா நல்லபடியா மிஞ்சினது 600 சொச்சம் ஹெக்டேர்தான். ஒரு ஆள் ஆயுசுக்குள்ள கிட்டத்தட்ட பத்துல ஒன்பது பங்கு போயிடுச்சு.

யாரோ ஒரு ராத்திரியில வந்து தூர்த்துட்டுப் போகலை. பெருங்குடி குப்பை மேடு வந்துச்சு, ரயில் பாதை வந்துச்சு, துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் ரோடு சதுப்பை ரெண்டா கிழிச்சுட்டுப் போச்சு, மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள், ஐ.டி. கம்பெனிகள், காலேஜ், ஆஸ்பத்திரி, அப்புறம் நம்ம அபார்ட்மென்ட்கள். ஒவ்வொண்ணா பார்த்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு, மொத்தமா கூட்டிப் பார்க்கத்தான் யாரும் இல்ல. அரசு ரெக்கார்டுல ரொம்ப காலத்துக்கு இதுக்கு "தரிசு" மாதிரி ஒரு மதிப்புதான், அதனால எதுக்கு இடம் வேணும்னாலும் முதல்ல கை வெச்சது இங்கதான்.

மே மாசத்துல போய்ப் பாருங்க சார், பாதி இடம் காய்ஞ்சு பொட்டலா கிடக்கு. இதைப் போய் சதுப்புங்கிறீங்க?

காயுறதுதான் அதோட வேலையே. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கொட்டித் தீர்த்துட்டுப் போயிடும், அந்தத் தண்ணியை வாங்கி வெச்சு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மண்ணுக்குள்ளயும் காத்துலயும் விட்டுட்டு, அடுத்த மழைக்குக் காலியா காத்திருக்கும். வருஷம் பூரா முழுசா நிரம்பியே இருந்தா அடுத்த மழைத் தண்ணி எங்க போய் உக்காரும்?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பக் கவலை, ஏன்னா பிளாட் போடுறவங்க இடத்தைக் காட்டுறது எப்பவும் ஏப்ரல் மே மாசத்துலதான்.

2015 வெள்ளம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து விட்டதால வந்தது. சதுப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

அடையாறு ஓரமா இருக்கிற சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டை பக்கம் நடந்ததுக்கு செம்பரம்பாக்கத்தைப் பேசுறது சரி. ஆனா வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் கதை வேற. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம்னு முப்பதுக்கு மேல ஏரிங்க, சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்புல விழுற மழை, ஒண்ணு நிரம்பி அடுத்ததுக்குன்னு வழிஞ்சு கடைசியா வந்து சேர்ற இடம் பள்ளிக்கரணை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்துல தாம்பரத்துல மட்டும் 49 செ.மீ. மழை. அந்தத் தண்ணி வழக்கமா போற இடத்துக்குத்தான் போச்சு, அங்க வீடு இருந்துச்சு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்ப பாருங்க, அதே பகுதிங்கதான் மறுபடியும் நாள்கணக்குல தண்ணிக்குள்ள. அப்ப திட்டுறதுக்கு செம்பரம்பாக்கம்கூட கிடைக்கலை.

பெரிய டிரெயினா கட்டி நேரா கடல்ல விட்டுட்டா பிரச்சனை முடிஞ்சுது, எதுக்கு சதுப்பு?

கடல் எப்பவும் வாங்கிக்காது, அதான் சிக்கல். பள்ளிக்கரணை தண்ணி ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து தெற்கா ஓடி முட்டுக்காடு கோவளம் முகத்துவாரத்துல கடலைத் தொடணும். நிலம் கிட்டத்தட்ட கடல் மட்டத்துலயே கிடக்கு, சரிவே கிடையாது. புயல் நேரத்துல கடல் மட்டம் ஏறி நிக்கும், அலை உள்ள தள்ளும், அந்த நேரம் பார்த்துத்தான் இங்க மழையும் கொட்டும். டிரெயின் எவ்வளவு அகலமா இருந்தாலும் அந்த முனையில தண்ணி இறங்காது, எதிர்த்துத்தான் வரும். ஓ.எம்.ஆர்.ல போறவங்க நல்ல மழை நாள்ல ஒக்கியம் மடுவு பாலத்துல நின்னு பாருங்க. மேல பெரும்பாக்கம் வரைக்கும் தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும், பாலத்துக்குக் கீழ ஆகாயத்தாமரை மெத்தை மாதிரி அடைச்சுக்கிட்டு மெதுவா நகர்ந்துக்கிட்டு இருக்கும், அவ்வளவு பெரிய பரப்புக்கு வெளிய போக அதுதான் பிரதான வாசல். அதனால கடல் வாங்கிக்கிற வரைக்கும் தண்ணி காத்திருக்க ஒரு இடம் வேணும்.

கணக்காவே சொல்றேன். ஒரு ஹெக்டேர்ல ஒரு மீட்டர் உயரம் தண்ணி நின்னா ஒரு கோடி லிட்டர். நாம இழந்தது 4,000 ஹெக்டேர்னு குறைச்சு வெச்சுக்கிட்டாலும், அதுல ஒரு மீட்டர் தண்ணின்னா ஏறக்குறைய 1.4 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரியோட முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல தண்ணிக்கு இருந்த இடத்தைத் தூர்த்துட்டு அதுக்குப் பதிலா எத்தனை அடி அகலத்துக்கு டிரெயின் கட்டுவீங்க?

வெள்ளத்துக்கும் சதுப்பு போனதுதான் காரணம், தண்ணிப் பஞ்சத்துக்கும் அதேதான் காரணமா? எல்லாத்துக்கும் ஒரே பதில் சொல்றீங்களே அண்ணா?

ஒரே இடத்தைத் தொலைச்சதால ரெண்டும் வருது தம்பி. டிசம்பர்ல வேண்டாம்னு வேகமா கடலுக்குத் துரத்துற தண்ணிதான் ஜூன்ல இல்லாம போற தண்ணி. 2015ல மூழ்கின இதே ஊர்ல 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஐ.டி. கம்பெனிகள் ஆளுங்களை வீட்ல இருந்து வேலை செய்யச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கும். இடையில நாலு வருஷம்கூட முழுசா இல்ல.

இதுல கிளைமேட் மாற்றம் எங்க வருதுன்னா, காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் பிடிச்சுக்கும். அதனால பெய்யறப்ப ஒரேயடியா பெய்யும், பெய்யாதப்ப மண்ணை இன்னும் உறிஞ்சும். அதாவது சதுப்போட தேவை முன்ன விட ஜாஸ்தியாகிற நேரத்துல சதுப்பு இல்ல. கடல் மட்டம் ஏறினா உப்புத் தண்ணி நிலத்தடியில உள்ள வரும், அதை எதிர்த்து நிக்கிறது நல்ல தண்ணி மேல இருந்து இறங்கறதுதான். அந்த இறக்கமும் குறையுது.

இதெல்லாம் லோக்கல் பிரச்சனை. உலக கிளைமேட்டுக்கும் இந்தச் சேத்துக்கும் என்ன இருக்கு?

அந்தச் சேத்துலதான் விஷயமே இருக்கு. மேல காய்ஞ்சு வெடிச்ச பட்டையைக் கொஞ்சம் கெளறிப் பாருங்க. ஒரு சாணுக்குக் கீழ கறுப்பா, வழவழன்னு, அழுகின முட்டை வாடையோட மண் வரும், பிசைஞ்சா விரல்ல நார் நாரா சிக்கும். எப்பவோ செத்த கோரையோட வேரு அது, இன்னும் மக்கலை. தண்ணி மூடிக்கிட்டு இருந்தா உள்ள ஆக்சிஜன் போகாது, ஆக்சிஜன் இல்லாம மக்குறது ரொம்ப மெதுவாத்தான் நடக்கும், அதனால செடி காத்துல இருந்து எடுத்த கார்பன் அங்கயே வருஷா வருஷம் அடுக்கு அடுக்கா தங்கிடுது. தண்ணியை வடிச்சா, மண்ணை வெட்டிப் போட்டா, அது பூரா காத்து பட்டு மக்கி கார்பன் டை ஆக்சைடா வெளிய வந்துடும்.

இதோட உச்சம் பீட் நிலங்கள், மக்காத செடிங்க பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்த சதுப்பு. உலக நிலப்பரப்புல சுமார் 3 சதவீதம்தான், ஆனா எல்லாக் காட்டு மரங்களும் சேர்த்து வெச்சிருக்கிற மாதிரி ரெண்டு மடங்கு கார்பன் அதுக்குள்ள. 1996ல இந்தோனேசியா கலிமந்தான்ல பத்து லட்சம் ஹெக்டேர் நெல்லு போடறோம்னு பீட் காட்டுக்குள்ள ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டித் தண்ணியை வடிச்சாங்க. நெல்லு வெளையலை. அடுத்த வருஷமே எல் நினோ (பசிபிக் கடல் சூடாகிறதால வர்றது) வறட்சி, வடிஞ்ச நிலம் பத்திக்கிச்சு, அந்த மாதிரி நெருப்பு மண்ணுக்குள்ளயே போயிடும், மழை வந்தாத்தான் அணையும். 2015ல மறுபடியும் இந்தோனேசியாவுல 26 லட்சம் ஹெக்டேர் எரிஞ்சுது, பல நாள் அந்த நெருப்பு மட்டும் விட்ட புகை அமெரிக்கா முழுசும் ஒரு நாளைக்கு விடுற பசுமைக்குடில் வாயுவை (பூமியைச் சூடேத்துற வாயுங்க) தாண்டுச்சு. சிங்கப்பூர், மலேசியாவுல சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்கு அந்தப் புகைமூட்டம் தெரிஞ்சிருக்கும், ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டாங்க.

பள்ளிக்கரணை அவ்வளவு ஆழமான பீட் இல்ல. ஆனா இந்த மாதிரி சின்னதும் பெருசுமா உலகத்துல 1970ல இருந்து 2015க்குள்ள ஈரநிலங்கள் சுமார் 35 சதவீதம் போயிடுச்சு, காடு அழியுற வேகத்தைப் போல மூணு மடங்கு.

சதுப்புல இருந்து மீத்தேன் வருதாமே? அப்ப அழிஞ்சா நல்லதுதானே?

வருது, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. இயற்கையா மீத்தேன் வர்ற இடங்கள்ல ஈரநிலம்தான் முதல் இடம். 20 வருஷக் கணக்குல பார்த்தா மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்கு சூடேத்தும். ஆனா மீத்தேன் காத்துல ஒரு பன்னெண்டு வருஷம் போல இருந்துட்டு சிதைஞ்சுடும். ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கிற ஒரு சதுப்பு விடுற மீத்தேன், சிதையுற மீத்தேன் ரெண்டும் ஏறக்குறைய சமனாகி ரொம்ப நாளாச்சு, அது புதுசா சூடேத்தறது இல்ல. அதை வடிச்சா மீத்தேன் குறையும், ஆனா முந்தின பதில்ல சொன்ன பழைய கார்பன் வெளிய வரும், அது நூத்தாண்டுக்கணக்குல காத்துல இருக்கும். மொத்தக் கணக்குல நஷ்டம்தான்.

இன்னொண்ணு, எல்லாச் சதுப்பும் ஒரே அளவு விடாது. பிச்சாவரம், முத்துப்பேட்டை மாதிரி கடல் தண்ணி ஏறி இறங்குற இடத்துல சல்ஃபேட் இருக்கிறதால மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிருக்கு வேலை கம்மி. அதுவே சாக்கடை கலந்த நல்ல தண்ணிச் சதுப்புல ஏகத்துக்கும் வரும். ஒரு விஷயத்துல எனக்கு நிஜமாவே பயம் இருக்கு. 2020, 2021ல உலகத்துல மீத்தேன் ஏறின வேகம் ரொம்ப அதிகம், அதுல வெப்பமண்டல ஈரநிலங்களுக்குப் பெரிய பங்குன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. பூமி சூடாக சூடாக சதுப்பும் கூடுதலா விடும்னு அர்த்தம். ஆனா அந்தச் சூட்டைத் தொடங்கி வெச்சது நிலக்கரியும் பெட்ரோலும், அதைக் குறைக்காம சதுப்பைக் குறை சொல்றது எந்த வகையில நியாயம்?

அப்ப நெல்லு வயல்?

அதுவும் நீர் நிக்கிற நிலம்தான், அதுல இருந்தும் மீத்தேன் வரும். அங்க தண்ணியைக் காயவிட்டு, திரும்பக் கட்டி, காய்ச்சலும் பாய்ச்சலுமா பயிர் பண்ணினா நல்லாவே குறையுது, மகசூலும் பெருசா அடிபடறது இல்ல. வயல்ல பண்ற அந்த வேலையைக் கொண்டு போய் சதுப்புல பண்ண முடியாது.

வேளச்சேரில இருபது வருஷம் முன்னாடி ராத்திரி ஃபேன் போதும். இப்ப ஏசி இல்லாம முடியலை. இதுக்கும் சதுப்புதானா?

அது மட்டும் இல்ல. கான்கிரீட், தார், வண்டி, ஏசி தள்ளுற சூட்டுக் காத்து, உலகளவு வெப்பம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா சதுப்புக்குப் பங்கு உண்டு. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வேணும், அதைச் சுத்தியிருக்கிற காத்துல இருந்தும் வெயில்ல இருந்தும் எடுத்துக்கும். ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு நிமிஷம் ஓடி ரூம்ல இருந்து இழுக்கிற வெப்பம் அது. ஒரு ஹெக்டேர் சதுப்புல நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாச்சுன்னா 50,000 லிட்டர். அதே இடத்துல தார் ரோடு இருந்தா அந்த வெயிலைப் பூரா பகல்ல வாங்கி வெச்சுக்கிட்டு ராத்திரி நம்ம சுவத்துக்குத் திருப்பிக் குடுக்கும்.

சும்மா கிடக்கிற இடத்துல மரம் நடலாமே? கார்பனும் ஆச்சு, நிழலும் ஆச்சு.

நல்ல மனசோட கேக்குறீங்க, ஆனா சதுப்புல வேண்டாம். திறந்த வெளியும் கோரையும்தான் அதோட உருவம். மரம் வெக்கிறதுக்குக் குழி வெட்டி, மண் கொட்டி மேடாக்கும்போதே தண்ணி நிக்கிற இடம் போச்சு, கீழ இருந்த கார்பனும் கலைஞ்சுது. பூநாரை, ஊசிவால் வாத்து, நத்தைகுத்தி நாரை எல்லாம் ஆழம் குறைஞ்ச திறந்த தண்ணியிலதான் மேயும், தோப்புக்குள்ள வராது. சீமைக்கருவேலம் தானா வந்து மூடின ஏரிகளைப் பார்த்திருப்பீங்க, அங்க பச்சையாத்தான் இருக்கு, தண்ணிக்கு இடம்தான் இல்ல. மரம் வைக்க ரோட்டோரம், ஸ்கூல், மொட்டைக் காம்பவுண்டு எவ்வளவோ கிடக்கு.

கடலோரக் கழிமுகத்துல அலையாத்தி நடறது வேற விஷயம். 1999 ஒடிசா சூப்பர் புயல் அப்ப கேந்திரபாரா பக்கம் அலையாத்திக் காடு அகலமா இருந்த கிராமங்கள்ல சாவு கம்மின்னு பின்னாடி ஆய்வுல வந்துச்சு.

கொசு, நாத்தம், பாம்பு. பக்கத்துல குடியிருந்து பாருங்க அப்ப தெரியும்.

குடியிருக்கிறவங்க கஷ்டம் நிஜம். ஆனா நீங்க சொல்ற நாத்தம் பெரும்பாலும் சதுப்போடது இல்ல, நாம விடுற சாக்கடையோடதும் பெருங்குடி குப்பையோடதும். 2022 ஏப்ரல்ல அந்தக் குப்பை மேடு நாள்கணக்குல எரிஞ்சப்ப மூச்சு முட்டினது இங்க இருந்தவங்களுக்குத் தெரியும், குப்பைக்குள்ள உண்டாகிறதும் மீத்தேன்தான். கொசுவும் மீனு, தவளை, தட்டான் இருக்கிற தண்ணியை விட தேங்கின சாக்கடையிலயும் மூடாத தண்ணித் தொட்டியிலயும்தான் ஜாஸ்தி. கிழக்கு கொல்கத்தாவுல 12,500 ஹெக்டேர் ஈரநிலம், ஊரோட கழிவுத் தண்ணி அங்க ஆழம் குறைஞ்ச குளங்கள்ல வெயில் பட்டு, பாசி வளர்ந்து, அதுல மீன் வளர்த்து ஊருக்கே விக்கிறாங்க. ஒரு சதுப்பு இவ்வளவும் செய்யும், ஆனா தாங்குற அளவுக்குத்தான் குடுக்கணும்.

எங்க ஏரியா ஏரியை ஆழப்படுத்தி, வாக்கிங் டிராக், நடுவுல தீவு எல்லாம் பண்ணிட்டாங்க. நல்லதுதானே?

சாக்கடையை நிறுத்தினாங்களா, வரத்துக் கால்வாயைத் திறந்தாங்களா, கலங்கல் சரியான உயரத்துல இருக்கா, இது மூணையும் முதல்ல பாருங்க. இது மூணும் நடந்திருந்தா நல்ல வேலை. சுத்தி கல்லடுக்கி கிண்ணம் மாதிரி தோண்டி, கரையைச் சிமெண்ட் நடைபாதையா அகலப்படுத்தி விட்டா ஏரி சின்னதாயிடும், ஓரத்துல இருந்த சேறும் கோரையும் போயிடும், பறவைக்கும் மீன்குஞ்சுக்கும் வேண்டியது அந்த ஓரம்தான். வேலியும் விளக்கும் பார்க்க அழகா இருக்கும், அவ்வளவுதான்.

பள்ளிக்கரணை ராம்சார் ஆயிடுச்சே, இனிமே யாரும் கை வைக்க முடியாதுல்ல?

2022ல சுமார் 1,248 ஹெக்டேரை ராம்சார் ஒப்பந்தத்தோட உலக முக்கிய ஈரநிலப் பட்டியல்ல சேர்த்தாங்க, பெரிய விஷயம். தமிழ்நாட்ல இப்ப 20 ராம்சார் இடம் இருக்கு, இந்தியாவுலயே ஜாஸ்தி, 2022க்கு முன்னாடி கோடியக்கரை ஒண்ணுதான். ஆனா பட்டியல்ல பேர் வந்ததும் தானா வேலி முளைக்காது. அந்தப் பரப்புல வனத்துறைக் காப்புக்காடு ஒரு பகுதிதான், எல்லைக்கல் எங்க, சர்வே நம்பர் எதுன்னு தெளிவாகாத வரைக்கும் அனுமதி வாங்குறவங்க வாங்கிக்கிட்டேதான் இருப்பாங்க. அதனாலதான் 2025 செப்டம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எல்லையும் அதோட தாக்கம் இருக்கிற பரப்பும் முடிவாகிற வரைக்கும் ராம்சார் பகுதிக்குள்ளயும் அதைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்கும் புதுசா கட்டட அனுமதி குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.

இன்னும் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. 2017 மத்திய ஈரநில விதிகள்ல பாசனத்துக்காக, குடிநீருக்காக மனுஷன் கட்டின நீர்நிலை ஈரநிலக் கணக்குல வராது. தமிழ்நாட்டு ஏரிங்க பெரும்பாலும் பாசனத்துக்குக் கட்டினதுதான். அப்ப பள்ளிக்கரணைக்குத் தண்ணி கொண்டு வர்ற அந்த முப்பது சொச்சம் ஏரிக்கு இந்த விதி உதவாது, மாநிலத்தோட 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தை வெச்சுத்தான் போராடணும். மேல இருக்கிற ஏரிகளை விட்டுட்டு கீழ சதுப்பை மட்டும் காப்பாத்த முடியாது.

ஆக்கிரமிப்பு அகற்றம்னா குடிசைங்களைத்தானே இடிக்கிறாங்க? பெரிய கட்டடத்தை யார் தொடறா?

நியாயமான கோபம். ரெண்டாவது கேள்விக்கு சொன்ன பதில்ல பாருங்க, பெருசா நிலத்தை விழுங்கினதுல குடிசை எத்தனை? இதுல இன்னொரு கொடுமை, கூவம், அடையாறு கரையில இருந்து வெள்ளப் பகுதின்னு சொல்லிக் காலி பண்ணின குடும்பங்களைக் கொண்டு போய் வெச்சது பெரும்பாக்கத்துல, சதுப்பை ஒட்டின பள்ளத்துல. அங்கயும் மழைக்குத் தண்ணி சூழுது. ஏழைங்களை ஒரு வெள்ளத்துல இருந்து இன்னொரு வெள்ளத்துக்கு மாத்தறதை சூழல் பாதுகாப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். சதுப்பைக் காப்பாத்தணும்னா முதல்ல தொட வேண்டியது குப்பை மேடும், தண்ணி வழியை அடைக்கிற ரோடும், பெரிய வளாகங்களும்.

போனது போயிடுச்சு. திரும்பக் கொண்டு வர முடியுமா?

கட்டடம் எழும்பின இடம் வராது. ஆனா தண்ணி வழி கிடைச்சா சதுப்பு ஆச்சரியமா எழுந்துக்கும். ஒடிசா சிலிகா ஏரியில முகத்துவாரம் அடைபட்டு, உப்பு குறைஞ்சு, களை மூடி, 1993ல ராம்சார்காரங்க ஆபத்துல இருக்கிற இடம்னு தனிப் பட்டியல்ல போட்டாங்க. 2000ல கடலுக்குப் புது வாய் வெட்டினாங்க, மீனும் இறாலும் திரும்ப வந்துச்சு, 2002ல அந்தப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. பள்ளிக்கரணைக்கும் ரோட்டுக்கு அடியில பெரிய திறப்புங்க, ஒக்கியம் மடுவு அகலம், குப்பையை அகழ்ந்து எடுத்த இடத்தைத் திரும்பச் சதுப்புக்கே விடறதுன்னு வழி இருக்கு. வெளியேறின கார்பன் சேர மட்டும் ரொம்ப ரொம்ப காலம் ஆகும், அதனால மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்துறதுதான் முதல் வேலை.

அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கேன். பட்டா இருக்கு, அப்ரூவல் இருக்கு, பேங்க் லோனும் தர்றாங்க. வாங்கலாமா?

பட்டா இருக்கிறதுனால தண்ணி வராம இருக்காதுங்க. முதல்ல கிராம வரைபடம், சர்வே நம்பருக்கான புலப்படம், 'அ' பதிவேடு (கிராம நிலக் கணக்கு) மூணும் பாருங்க. பக்கத்து நம்பர் ஓடை, வாய்க்கால், ஏரி, கழுவெளின்னு (சதுப்புக்கு இன்னொரு பேர்) இருந்தா அங்கயே நின்னு யோசிங்க. கூகுள் எர்த்ல பழைய வருஷப் படம் போட்டு டிசம்பர், ஜனவரியில அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. ராம்சார் எல்லையில இருந்து எவ்வளவு தூரம்னு எழுத்துல கேளுங்க, ராம்சார் கேள்விக்குச் சொன்ன பதில்ல வந்த ஒரு கிலோமீட்டர் விவகாரம் இருக்கு.

அப்புறம் பில்டர் இல்லாம நீங்க மட்டும் போய் தெருமுனை மளிகைக் கடையில, அயர்ன் பண்றவர்கிட்ட, 2015லயும் 2023லயும் தண்ணி எத்தனை அடி நின்னுச்சு, எத்தனை நாள் நின்னுச்சு, கரண்ட் எப்ப வந்துச்சுன்னு கேளுங்க. சுவத்துல கோடு காட்டுவாங்க. போறது நவம்பர்ல போங்க.